கூஜா இல்லாத நரகம்

வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதன்மேல்தான் பலகையை வைத்துச் செதுக்குகிறார் ஜெனிவால்டா. அவர் உளி, உடைந்த குடைக்கம்பியைத் தீட்டிச் செய்தது. நடுவில் எழுந்து காப்பி ஊற்றுவார். குடிக்க மறந்து, கொடியில் தொங்கும் கதைப் புத்தகங்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுவார். "சும்மா உக்காந்தா செத்துருவேன்டா" என்பார் என்னிடம்.

காருவாரு ஊர்ச் சந்தையில் விற்கும் அந்தக் கதைகளின் அட்டைப்படங்கள், அவர் பலகையில் செதுக்கி மை தடவி அச்சடிப்பவை. தாயை அடித்தவன் பாம்பாக நெளிவான். எடையில் ஏமாற்றியவனைப் பிசாசு தராசில் தொங்கவிடும். நான் சட்டக் கல்லூரியில் படித்த தண்டனைகளுக்குப் பிரிவு எண் உண்டு. இவருடையவற்றுக்கு வால் உண்டு. "உங்க கோர்ட்டுல எவனாச்சும் கழுதையா மாறியிருக்கானா, வக்கீலு?" என்று கேட்பார்.

ஆனால் எந்த நரகப் படத்திலும் ஒரு மூலையில் தண்ணீருக்கு ஒரு சின்ன மண்கூஜா செதுக்கிவிடுவார். "பாவின்னா நாக்கு வறளாதா?" என்பார். வறட்சியில் வளர்ந்தவர்.

இந்த மாதக் கதை, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீரென்று விற்ற லாரிக்காரனுடையது. கழுதையாகித் தீக்குள் பீப்பாய் சுமக்கிறான். மீசை அச்சு அசலாக, எங்கள் பக்கம் லாரியில் தண்ணீர் விற்கும் அடாவுட்டின் மீசை. அவர் லாரித் தண்ணீர் குடித்துத்தான் ஜெனிவால்டாவின் ஆடுகள் செத்தன. பலகையில் செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாக விழும். இந்தப் படத்தின் மூலை முழுக்கக் கறுப்பு; கூஜா இல்லை.

சனிக்கிழமை அடாவுட்டே சந்தைக் கடை முன்னால் வந்து நின்றார். பின்னால் யாரோ கழுதைபோல் கனைத்தார்கள்.

"மீசை என்னுதுதான், இருக்கட்டும். கூஜா எங்கக்கா?"

"லாரி நிறைய வச்சிருக்கியே, அது போதாதா?"

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். அடாவுட்டு சிரிக்கவில்லை.

"எம்மவ படத்தப் பாத்துட்டு அழுவுறாக்கா. எல்லாருக்கும் குடுத்துட்டு அப்பாவுக்கு மட்டும் ஏன் தரலன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

ஜெனிவால்டா மேசைக்கடியிலிருந்த கேனைச் சரித்து ஒரு குவளை நிரப்பினார்.

"நீ ஊத்திட்டுப் போன தண்ணிதான். ஆட்டுக்கு நல்ல தண்ணின்னு சொல்லிக் குடுத்தியே, அதேதான். குடி."

அடாவுட்டு ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. குவளையைக் கீழே வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிவரை குடித்தார்.

அதுவரை ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றது. ஜெனிவால்டா கழுதைப் படத்தின் பலகையை அதன்மேல் இழுத்துவைத்து, மையைத் துடைத்து, கறுப்பு மூலையில் குடைக்கம்பியின் முனையை ஊன்றினார்.