வேட்பாளர் சுட்ட தோசை

காலையில் எனக்கு அடுப்பு மூட்டச் சோம்பல். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் சேனல்காரர்கள் செய்தார்கள்.

போன தேர்தல் சமயம். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டில் நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வாக்குச்சாவடி டியூட்டியும் போட்டிருந்தார்கள். கட்சிக் கூட்டம் நடக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது, வேலை போய்விடும் என்று பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானும் கொடியைக் கண்டால் அடுத்த தெரு வழியாகத்தான் போவேன். தோசைக் கடையைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டிபன் கடையில் காரம் தோசைக்காக உட்கார்ந்திருந்தேன். வெளியே மேளச் சத்தம். நான் எழுந்திருப்பதற்குள் வேட்பாளர் உள்ளே வந்து கடைக்கார அக்காவிடமிருந்து தோசைக் கரண்டியை வாங்கிவிட்டார். எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தோசை சுடாமல் போவதில்லை. பின்னாலேயே எட்டுப் பத்து கேமராக்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டன.

அவர் சுட்ட தோசை ஓரம் கருகி, நடுவில் மாவாகவே இருந்தது. கேமராக்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அது என் தட்டில் விழுந்தது. ஆவி அடித்து லென்ஸ் மறைத்துவிட்டதாம், இன்னொன்று சுடுங்கள் என்றார் ஒரு கேமராக்காரர். வேட்பாளர் உடனே சுட்டார். ஓட்டுப் போடுகிற எங்களிடம்கூட அவர் அவ்வளவு பணிவாக நடந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தோசையும் எனக்கே வந்தது. தோசை எப்படி என்று மைக்குகளை நீட்டினார்கள். வாய் நிறைய மாவு. மரியாதைக்கு, "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் சொல்லிவைத்தேன்.

எந்தச் சேனல் எந்தக் கட்சிக்கு என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சாயங்காலம் அவர் கட்சிச் சேனலில் நான் 'மக்களின் பேரன்பு'. எதிர்க்கட்சிச் சேனலில் என் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், கீழே 'பிரசாரத்தில் அரசு ஆசிரியை'. அந்த வட்டத்தைக் காட்டி எதிர்க்கட்சி புகார் கொடுத்தது. புகார் கொடுத்ததைச் சேனல் செய்தியாக்கியது. அந்தச் செய்தியைக் காட்டி, ஒரு பெண்ணை மிரட்டுகிறார்கள் என்று வேட்பாளர் பேட்டி கொடுத்தார். அந்த இரண்டு தோசையை வைத்து எல்லோரும் நாலு நாள் பசியாறினார்கள்.

என் வீட்டுக்காரர் இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நீ கொஞ்சம் எளச்சாப்ல கீற" என்றார். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

அப்புறம் மாவட்ட அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஏன் சஸ்பெண்ட் செய்யக்கூடாது என்று திருப்பதிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டுமாம். இருபது வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. உண்மையாகவே பயந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் எங்கள் சபை ஐயர் என் பேரைச் சொல்லி ஜெபித்தார். டிவி பார்க்காத நாலைந்து பேருக்கும் அதோடு விஷயம் தெரிந்துபோயிற்று.

கடைக்கார அக்கா கடையைச் சாத்திவிட்டு எனக்குச் சாட்சியாகத் திருப்பதிக்கு வந்தார். விசாரணை அதிகாரிக்குத் தமிழ் புரியும். தோசை நன்றாக இருக்கிறது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்க விளக்கத்தை எடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"சார், டீச்சரம்மா தெனிக்கும் எங்க கடையிலதான் துன்றாங்க. நான் சுட்டத ஒரு நாளும் நல்லா கீதுன்னு சொன்னதில்ல. அத்தினி பேரு மைக்க நீட்டிக்கினு நின்னா அவங்க வேற இன்னா சொல்லுவாங்க?"

தினமும் என்றதில் எனக்கு மானம் போயிற்று. அதிகாரி சிரிக்காமல் ஃபைலில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை என்னிடம் கொடுத்தார். வெளியே வந்து வாசித்தேன். தெலுங்கில் ஒரே வரி: 'இவர் பிரசாரம் செய்யவில்லை, டிபன் சாப்பிட வந்தவர்.'

வேலை தப்பியது. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தனை கேமராவும் என் தட்டுக்கு எதிரேதான் நின்றன. ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாம்.