லேபிள் நேராகத்தான் இருந்தது

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்றார். "தனம்மா ஹோக்பிட்ரந்தே" என்றார். போய்விட்டாராம். கன்னடத்தில் கேட்டதாலோ என்னவோ, வேறு யாருடைய சாவோ என்று ஒரு நொடி நினைத்தேன். நம் அக்காதான் என்று அப்புறம்தான் உறைத்தது. பாட்டில்கள் பார்க்கப்படாமலே கடந்து போயின.

பொம்மசந்திரா கம்பெனியில் மருந்து பேக்கிங் செய்கிற நம் எல்லோருக்கும் தனலட்சுமி அக்காவைத் தெரியும். லேபிள் கோணலாக இருந்தாலோ பேட்ச் நம்பர் மங்கியிருந்தாலோ அவர் கண்ணைத் தாண்டிப் போகாது. வாயும் அப்படித்தான். ஒருத்தி மூட்டு வலிக்கென்று கேன்டீனுக்கு ஒரு மூலிகைப் பானம் கொண்டுவந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அக்கா பாட்டிலைப் பிடுங்கிப் படித்தார். "சக்கரை, மூட்டு வலி, கிட்னி, முடி கொட்றது, எல்லாத்துக்கும் ஒரே பாட்டிலா? நாம ஒட்ற காய்ச்சல் மாத்திரைக்கே எச்சரிக்கை எவ்ளோ நீளம் வருது. பக்க விளைவே கிடையாதுன்னு எழுதறவன் மருந்தக் கண்ணால பாத்தவனே இல்லடி." அன்று எல்லோரும் சிரித்தோம்.

அப்படிப்பட்ட மனுஷிக்கு அதே பானத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி என்று நாலு நல்ல வார்த்தை பேச எனக்கு மனசு வரவில்லை.

கிட்னி போன பிறகு அவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒருநாள் ஈஜிபுராவில் தன் வீட்டு மாடிப்படியை ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "இன்னும் எத்தன நாளு சரோ இந்த ஊசி?" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துக் கூட்டம் போட்டு அந்தப் பானத்தை விற்றார்கள், வாங்கிவந்தேன். அக்கா தள்ளிவிட்டார். நான் விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"பாருக்கா, பேட்ச் நம்பர் இருக்கு, தேதி இருக்கு, சீல் இருக்கு. லேபிள் நூல் புடிச்ச மாதிரி இருக்கு. நம்ம லைன்ல வந்தா பாஸ் பண்ணுவ இல்ல?"

வேறு எந்த வேலையில் இருப்பவளும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டாள். பாட்டிலுக்குள் இருப்பதைச் சோதிப்பது என்றைக்குமே நம் வேலை இல்லை என்பது எனக்கு மறந்தே போயிற்று.

டயாலிசிஸையும் இதையும் சேர்க்கக் கூடாது என்று விற்றவன் சொல்லியிருந்தான். அக்கா பானத்தைக் குடித்துக்கொண்டு இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. கால் வீங்கியது. அவனுக்குப் போன் செய்தேன். "உள்ள இருக்கற கழிவு வெளிய வருதும்மா, நல்ல அறிகுறி" என்றான். பாவி நான், அதையும் நம்பினேன். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூச்சுக்கு நடுவே சொன்னார். "எனக்குத் தெரியும்டி, அது பொய்யின்னு. ஒரே ஒரு வாட்டி நெஜமா இருந்துட்டா என்னன்னு தோணிச்சு." அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்; என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதிப் பாட்டில். கொட்டாமல் பையிலேயே வைத்திருக்கிறேன். நேற்று எதிர்வீட்டுப் பெண், புருஷனுடைய சர்க்கரைக்கு அந்தப் பானம் நல்லதா என்று விசாரித்தாள். பாட்டிலை அவள் கையில் கொடுத்து, அதில் எழுதியிருக்கும் நோய்களை எல்லாம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தானக்கா போட்டிருக்கு?"

"நல்லாத்தான் போட்டிருக்கு" என்றேன். "எங்க அக்காகிட்ட நானும் அதத்தான் சொன்னேன்."