ஏணியை விடுங்கள் என்றார்

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. கதை எழுதக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் நடந்ததால், யாரிடம் சொன்னாலும் "நல்லா கதை விடுற கின்கா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவள் நான்.

விதின் ஊரில், தன்யூப் ஆற்றங்கரையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். கத்தரி பிடிக்காத நேரத்தில் சிறுகதை எழுதுவேன். போன ஜனவரியில் எங்கள் வாசகசாலைக்குத் தலைநகர் சோஃபியாவிலிருந்து ராதோமிர் பெலெவ் என்று ஒரு பெரிய மனிதர் வந்தார். மூன்று சனிக்கிழமை சிறுகதைப் பயிற்சி. கழுத்தில் ஒரு பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசுவார். எழுதியது இரண்டு ஒல்லிப் புத்தகம். அலட்டலோ இருபது புத்தகத்துக்குத் தேறும்.

அவர் பாடம் நடத்துகிற விதம் இதுதான். ஒருவர் எழுந்து, தாளைப் பார்க்காமல், தன் கதையைச் சொல்ல வேண்டும். "நான்" என்று ஆரம்பித்தால் அந்த ஆள் தொலைந்தார்.

"நான், நான், நான்! உங்க வயித்துவலியை யாரு கேட்டா? அந்த ஆளுக்குள்ள இருந்து வெளிய வாங்க. கதவுகிட்ட நின்னு அவனைப் பாருங்க. அப்பதான் அது கதை!"

சொல்லிவிட்டு சும்மா இருக்க மாட்டார். அங்கேயே, எல்லார் முன்னாலும், மாற்றிச் சொல்ல வைப்பார். பல் டாக்டர் நெவெனா முதல் வாரம் தன் அம்மா செத்ததைச் சொன்னாள். மாற்று, மாற்று என்று நச்சரித்து அவளை அழவிட்டார். அழுததும் கை தட்டினார். "பாருங்க, எழுத்தாளர் பிறந்தாச்சு!" தூ. இவரெல்லாம் ஒரு வாத்தியார்.

அப்புறம் பத்து நாள் என் அக்காவைப் பார்க்க ப்ளோவ்திவ் போயிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வகுப்புக்குப் போனேன். வாசகசாலையில் ஹீட்டர் செத்துக் கிடந்தது. வெளியே முழங்கால் அளவு பனி. வாயைத் திறந்தாலே எல்லோருக்கும் புகை வந்தது.

மணி மூன்று ஐம்பது இருக்கும். நிமிர்ந்தால், மேஜையின் அந்தக் கோடியில் வெலிச்கோ அண்ணன் நிற்கிறார்.

கதவு திறந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அவர் மணல் வாருகிற படகில் மெக்கானிக். எங்கள் தெருதான்; வகுப்பில் மற்றவர்களுக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. அவர் மனைவி தோன்கா மாதாமாதம் என்னிடம் சாயம் போட வருவாள். அண்ணனும் இந்த வகுப்பில் பெயர் கொடுத்திருந்தார். முதல் வாரம் வாயே திறக்கவில்லை.

"உக்காருங்க அண்ணே" என்றேன். உட்காரவில்லை. அந்தக் குளிரில் வெறும் சட்டை. அதைவிட, அவர் தலை… ஊருக்குப் போகிறதுக்கு முன்னால் நான்தான் வெட்டிவிட்டேன். இப்போது இடது பக்கம் மட்டும் தோல் தெரியச் சிரைத்திருந்தது. எந்தக் கசாப்புக்காரனிடம் தலையைக் கொடுத்தாரோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அவராகவே ஆரம்பித்தார்.

"நான் ஏணியில இருக்கேன். படகோட அடித்தட்டுல. இருட்டு. மேல கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. தோன்கா குரல் கேக்குது. நான் ஏறிக்கிட்டு இருக்கேன்…"

பிப்… பிப்… பிப்…

"யார் போன் அது? அணைங்க!" என்றார் பெலெவ். எல்லோரும் எடுத்துப் பார்த்தோம். யாருடையதும் இல்லை.

"கை வலிக்குது. பரவாயில்ல. இன்னும் கொஞ்சம்தான். விளிம்பு கைக்கு எட்டிருச்சு. தோன்கா, நான்…"

"நிறுத்துங்க பெரியவரே!"

"முடிக்க விடுங்க சார். மேல போயிடுறேன். அவ காத்துக்கிட்டு இருக்கா."

"நீங்க மேல போனா என்ன, போகலன்னா என்ன? இது யார் கண்ணுல தெரியுது? அதான் கேள்வி."

எனக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க சார், மனுசன் முடிச்சிடட்டுமே."

"தலைமுடி விஷயம்னா உங்களைக் கேக்கறேன்மா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள்! வெட்கம் கெட்ட ஜன்மங்கள்.

"வெளிய வாங்க பெரியவரே. ஏணியை விடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். எங்கள் எல்லோர் வாயிலும் புகை.

அவர் வாயில் இல்லை.

"விட்டா திரும்பப் பிடிக்க முடியாது சார்…"

"விடுங்கன்னா விடுங்க! கதவுகிட்ட நில்லுங்க. என்ன தெரியுது?"

மூடியிருந்த அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஒரு ரூம்…"

அது அவர் குரலே இல்லை.

"கட்டில்ல ஒருத்தர் படுத்திருக்கார்… பக்கத்துல ஒரு அம்மா…"

பிப்…

"அவங்க யாருன்னு… தெரியல…"

"பிரமாதம்!" பெலெவ் கை தட்டினார்.

திரும்பி பெலெவைப் பார்த்தோம். மறுபடி அண்ணன் பக்கம் திரும்பினோம்.

யாரும் இல்லை.

கதவு மூடியே இருந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். வாசல் பனியில் நாங்கள் உள்ளே வந்த தடம்தான்; வெளியே போன கால் தடம் ஒன்றுகூட இல்லை.

அந்தச் சத்தமும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

"பாராட்டினா தாங்காத ஆளு" என்று பெலெவ் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். விதினில் ஒரு மெக்கானிக்கை ஒரே மத்தியானத்தில் எழுத்தாளர் ஆக்கியதாக இன்றைக்கும் ஊர் ஊராகப் பீற்றிக்கொள்கிறாராம். பீற்றட்டும், அவர் லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் வெலிச்கோ அண்ணன் படம் போட்ட சாவு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இறந்தது சனிக்கிழமை. வகுப்பு முடிந்து போகிற வழியில் பனியில் விழுந்துவிட்டாரோ என்றுதான் நினைத்தேன். அந்த ஆறுதல் செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிகிற வரைதான்.

சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, தோன்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஊருக்குப் போன மறுநாள், கின்கா. படகு ஏணியில இருந்து விழுந்துட்டாரு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது பக்கம் சிரைச்சு மண்டையில ஆபரேஷன் பண்ணாங்க. ஒம்பது நாள் நினைவே இல்ல. அந்த ரூமை விட்டு அவரும் அசையல, நானும் அசையல."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"சனிக்கிழமை மத்தியானம் பேச ஆரம்பிச்சாருடி! ஏறிக்கிட்டு இருக்கேன்னாரு. என் பேரைச் சொன்னாரு. டாக்டர் ஓடி வந்து, 'திரும்பி வர்றார்மா, கையை விடாதீங்க'ன்னாரு. நான் இறுக்கிப் பிடிச்சிருந்தேன். அவருதான் விரலை ஒவ்வொண்ணா எடுத்தாரு. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாரு. அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, 'இந்தம்மா யாரு?'ன்னு கேட்டாரு. அதோட உயிர் போயிடுச்சு, மணி நாலு பத்து."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவுகிட்ட யாருமே இல்ல, கின்கா. யாரைக் கேட்டாரு?"