பத்தரை முதல் பன்னிரண்டு வரை

லேக் கார்டன்ஸில் எங்களுக்குச் சமைப்பவர் தினமும் பஜ்பஜ் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வருவார். என்னை 'பௌதி' என்பார். வங்காளியில் அண்ணி என்று அர்த்தம். அவர் மகளுக்கு நான் 'காக்கிமா', சின்னம்மா. அவள் அந்த வருஷம் பன்னிரண்டாவது தேறியிருந்தாள். அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் எட்டைத் தாண்டியதில்லை. கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் சித்தியோடு ஆயா வேலைக்கு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கோ பூகோளம் படிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நான் போட்டுத் தருகிறேன் என்று முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றேன். எல்லாம் ஆன்லைனில்தான். மூன்று நாள் உட்கார்ந்து சான்றிதழ்களை ஏற்றினோம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி வரை நேரம். காலை பத்தரைக்கு எல்லாம் தயார். ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம்.

"பன்னெண்டு மணிக்கு அழுத்திக்கலாம். நல்ல காரியம் பாரு," என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு ஏதுடி ராகு காலம்?" என்றார் என் கணவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு தோசை வார்த்துப் போட்டேன்.

பன்னிரண்டுக்கு அழுத்தினால் வட்டம் சுற்றியது. ஊரே அந்நேரம் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். ஒரு மணிக்கும் சுற்றியது. இரண்டு மணிக்கு 'விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது' என்று வந்தது. அந்தப் பெண் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் அவள் அம்மா வழக்கம்போல வந்தார். "சாம்பாரா, ரசமா?" என்று கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாய் வரை வரும், வீம்பு விடாது.

இரண்டு வாரம் கழித்து மீதி இடங்களுக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டார்கள். இம்முறை அவளே தன் போனில் போட்டாள். பூகோளம் நிரம்பிவிட்டிருந்தது. பெஹாலாவில் ஒரு கல்லூரியில் தத்துவம் கிடைத்தது.

"என்னாலதான் உனக்குப் பூகோளம் போச்சு," என்றேன். "ஆயா வேலைக்குப் போகலையே, காக்கிமா," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரி திறந்த முதல் நாள் காலையில் தாயும் மகளும் வந்து நின்றார்கள். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தார். "நீங்களும் கூட வாங்க பௌதி. காலேஜுக்குள்ள எப்படிப் போகணும்னு எனக்குத் தெரியாது."

இன்னமும் என்னைத்தான் கூப்பிடுகிறார். அடுப்படியிலேயே நின்று அழுதேன். "என்னை மன்னிச்சுடுங்க," என்றேன், ஒரு வழியாக.

அவர் என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தார். "கிளம்புங்க, பஸ் போயிடும்."