மதுரைக்குக் கேட்ட கைதட்டல்

கனடாவின் மொன்றியல் நகரில் என் மகளின் பட்டமளிப்பு நெருங்கிய வாரம், மலைப்பூங்கா உலா, படகுப் பயணம், விருந்து என அவளுக்குத் தோழியருடன் ஓயாது கழிந்தது. எல்லாவற்றிலும் முன்னின்று சிரித்தவள், அவளுடன் பட்டம் பெறவிருந்த மதுரைப் பெண் மலர்விழி. நுழைவிசைவு (விசா) கிடைக்காமையால் அவள் பெற்றோர் மட்டும் விழாவுக்கு வர இயலவில்லை.

விழா மண்டபத்தில் அவள் தன் கைபேசியை என்னிடம் தந்தாள்.

"அப்பா லைன்ல இருக்காரு அங்கிள். நான் மேடையேறுறத அவரு கேக்கணும்."

அவையில் கூச்சலிடுவது பண்பன்று எனக் கருதுபவன் நான். அவள் மேடையேறியபோது ஓரிருவரே கைதட்டினர்.

"ஐயா, எம்பொண்ணுக்கு யாரும் கை தட்டலையா?" என்றார் கைபேசியில் அவள் தந்தை.

நான் எழுந்து, "மலர்விழி!" என்று உரக்கக் கூவினேன்.

"இஞ்சருங்கோ, சனம் பார்க்குது" என்று எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தடுத்த என் மனைவியும் எழுந்து கைதட்டினாள். எங்கள் வரிசையே ஆர்ப்பரித்தது.

"கேட்டுச்சுய்யா" என்று அவர் விம்மினார்.

அவையில் அமைதி காப்பதும் ஒருவருக்குக் கொடுமையாகலாம் என்று அதுவரை நான் எண்ணியதே இல்லை.