கெம்பம்மா வைத்த பொட்டு

பெங்களூரில் ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்களுக்கென்று ஒரு நடை உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, படத்துக்கு ஒரு 'ம்ம்' கொட்டிவிட்டு நகர்வார்கள். 1989-இல் அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, படங்களில் முகங்களை மட்டும் தேடிக்கொண்டு அலைந்தாள். மத்திகிரி கெம்பம்மா. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். ஓவியத்துக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவள் தேடியது மகளை.

மகள் முனிலட்சுமி மத்திகிரி கால்நடைப் பண்ணையில் தீவனம் போடப் போய்க்கொண்டிருந்தாள். மாடுகளை வரைய வந்த பெங்களூர்த் தாடிக்காரர் ஒருவர் மாட்டோடு அவளையும் சேர்த்து வரைந்துவிட்டார்.

"என்னை எழுதிட்டாரும்மா. பெங்களூர்ல மாட்டப் போறாராம்" என்று மகள் வந்து சிரித்தாள்.

"பொட்டு வெக்க வர்ற நேரத்துல கண்டவன் முன்னாடி போயி நிப்பியா?" என்று கெம்பம்மா எரிந்து விழுந்தாள்.

அந்த மாதம்தான் ராயக்கோட்டையிலிருந்து பொட்டு வைக்க வருவதாக இருந்தார்கள். பொட்டு வைப்பதென்றால் பெண்ணைப் பேசி முடிப்பது. மாப்பிள்ளை வீட்டார் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். அன்றைக்கே ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அதற்குள் மஞ்சள்காமாலை வந்து மகளைக் கொண்டுபோய்விட்டது. நெற்றியும் வெறுமையாகப் போயிற்று, போட்டோவும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு கெம்பம்மாவைப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. மகளின் மூக்கு நினைவிருந்தது, சிரிப்பு நினைவிருந்தது; இரண்டும் ஒரே முகத்தில் சேர மறுத்தன. உலகத்தில் அந்த முகம் மிச்சம் இருப்பது தாடிக்காரரிடம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினாள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதுவே வினையாயிற்று. கலாசிப்பாளையத்தில் இறங்கி, "சித்ர தோர்ஸோ ஜாக எல்லி?" என்று, படம் காட்டும் இடத்தைக் கேட்டாள். ஆட்டோக்காரர் பயபக்தியாகக் கொண்டுபோய் சினிமா கொட்டகை வாசலில் இறக்கிவிட்டார். அடுத்த வாரமும் அதே கதை, கொட்டகைதான் வேறு. கையால் எழுதுகிற படம் என்று விளக்கக் கற்றுக்கொண்ட பிறகே கண்காட்சிகள் அகப்பட்டன. ஒன்றில் வெறும் வட்டமும் கோடும். ஒன்றில் வாசலிலேயே மறித்து, துடைக்கிற ஆட்கள் பின்பக்கமாக வரவேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்ன வாயை என்ன சொல்வது? அவள் பின்பக்கமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கடைசியில் ஒரு சின்னக் கூடத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். தீவனக் கூடையை இடுப்பில் வைத்து, முகம் கழுவிய ஈரத்தோடு, மெல்லிய தாவணியில். மூக்கும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. மற்றப் பல படங்களுக்கு அடியில், பெயர் எழுதிய அட்டையில், சிவப்பாக ஒரு பொட்டு. தன் மகளுக்கு மட்டும் இல்லை. நெற்றியிலும் இல்லை, அட்டையிலும் இல்லை. இங்கேயுமா? தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, மகளின் அட்டையில் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு கணவன் ராமப்பனையும் இழுத்து வந்தாள். அவர் மகளின் முன்னால் போய் நின்றார். அட்டையில் பொட்டைக் காணோம். கூடத்துக் காவல்காரர் பிரகாசம் தமிழர். அவரிடம் போய்ச் சண்டைக்கு நின்றாள்.

"நீங்க தானாம்மா அது?" பிரகாசம் தலையில் கை வைத்துக்கொண்டார். "பொட்டு வெச்சா படம் வித்துப்போச்சுன்னு அர்த்தம்மா. வாங்க வந்தவங்கல்லாம் பொட்டைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. அப்புறம்தான் யாரும் வாங்கலைன்னு தெரிஞ்சு எடுத்தோம்."

"பொட்டு வெச்சிட்டா வேற யாரும் கேக்கமாட்டாங்களா?"

"கேக்கமாட்டாங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்ணா" என்றாள் கெம்பம்மா.

ராமப்பன் விலை கேட்டார். பிரகாசம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ராமப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அன்று மாலை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எல்லாப் படத்தையும் விட்டுவிட்டு முனிலட்சுமி முன்னால் நின்றார்கள். கெம்பம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. இன்னொரு பொட்டு இருக்கிறது. ஒட்டிவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள்.

"இன்னியோட கண்காட்சி முடியுதும்மா" என்றார் பக்கத்தில் நின்ற பிரகாசம், மெதுவாக. "விக்கலைன்னா குடோன்ல சுவத்தைப் பார்த்துத் திருப்பி அடுக்கிடுவாங்க. அப்புறம் அதை யாரு பார்க்கறது?"

இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு மகள். கெம்பம்மா நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் பெண் வந்து அட்டையில் சிவப்புப் பொட்டை ஒட்டினாள்.

பெற்றவளுக்குப் பொறுக்குமா? கெம்பம்மா, படம் வாங்கிய அம்மாளிடம் போய், எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டாள். அந்த அம்மாளும் கன்னடக்காரிதான். டெல்லியில் இருக்கிறோம் என்றாள். அதற்குமேல் கெம்பம்மாவுக்கு எந்தக் கன்னடமும் வரவில்லை.

"மூஞ்சி கழுவினா பொட்டு வெச்சுக்க மறந்துடுவாம்மா" என்றாள் தமிழில். "ஏசாதீங்க."

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் சிரித்துத் தலையாட்டினாள்.

இருட்டியதும் இருவரும் ஓசூர் பஸ் ஏறினார்கள். மகள் செத்தபோதும் கண் கலங்காதவர் என்று ஊரில் ராமப்பனுக்குப் பேர். அத்திப்பள்ளி தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"டெல்லில குளிரு ஜாஸ்தியாம்" என்றார். "அந்த ஒத்தைத் தாவணியோட நிக்கறாளே, கெம்பா."

கெம்பம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.