சென்னியம்மா காட்டுக் கல்லு, செத்த காலேஜுல

“கல்லத் தூக்கிக் குடுத்தவன் கை வெளங்குமா?”

விடிஞ்சு வாசல்ல சாணி தெளிக்கறப்ப ஒருக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப ஒருக்கா, தெனமும் இதச் சொல்லாம சென்னியம்மாளுக்குப் பொழுது போகாது. பக்கத்து ஊட்டுக்காரன் காதுல உழோணும்னுதான் சொல்றது. பக்கத்து ஊட்டுக்காரன் வேற யாருமில்ல, செத்துப் போன புருசனோட தம்பி செங்கோடன்.

மல்லசமுத்திரத்துக்குத் தெக்கால அவங்க வகையறாவுக்கு ஒரு கல்லு நின்னுச்சு. முப்பாட்டன் ஒருத்தன் புலியக் குத்திக் கொன்னு, அங்கயே தானும் செத்தான்னு நட்ட கல்லு. அது நிக்கற மூணு ஏக்கரா காட்டுக்குத் தனி மொற: கல்லுக்கு எவ எண்ணெயும் மஞ்சளும் பூசறாளோ, அவ ஊடுதான் அத உழுதுக்கலாம். மாமியாளுக்கப்புறம் சென்னியம்மா அம்மாவாச தவறாமப் பூசுனா. கழுவறது மட்டும் ஆகாது. கல்லுமேல தண்ணி பட்டா மழ போயிரும்னு மேல ஓலக் கொட்டாயே போட்டு வெச்சிருந்தாங்க. எத்தன தலமொற எண்ணெயோ, கல்லு மேல அடையாட்டம் அப்பிக் கெடந்துச்சு. உள்ளார மூக்கெது முழியெதுன்னு ஒருத்தனும் கண்டதில்ல.

அந்தக் காணாத புலிய வெச்சே பொழச்சவன் செங்கோடன். கோயில்ல மொதப் பரிவட்டம் புலிகுத்தி வகையறாவுக்குத்தான். வண்டியில புலி வரஞ்சிருப்பான், ஊட்டு வாச நெலவுல புலி செதுக்கியிருப்பான். ராத்திரி நாய் கொலச்சா மட்டும் பொண்டாட்டிய எழுப்பி வெளிய அனுப்புவான்.

மேட்டூர் அண கட்டி முடிச்ச மூணாம் வருசம், பழங்கல்லு தேடிக்கிட்டு ஒரு ஆபீசர் வந்தாரு. சென்னியம்மா அப்ப ஓமலூர்ல ஒரு எழவுக்குப் போயிருந்தா. “எங்க கல்லுங்க, எடுத்துக்குங்க”ன்னு செங்கோடன் எழுதிக் குடுத்து, தன் வண்டியிலயே ரயிலுக்கு ஏத்தி உட்டுட்டான். பாவம், அந்த ஆபீசருக்கு ஊட்டுச் சண்ட என்ன தெரியும்? அவ திரும்பி வந்தா குழிதான் கெடக்குது.

“ஏனுங் கொழுந்தனாரே, கல்லு எங்க?”

“மெட்ராசுலீங், நங்கையா. ஊரு சனமெல்லாம் வந்து பாக்கும். நம்ம வகையறாவுக்குப் பேருதானுங்க.”

“அப்ப நான் எதுக்கு மஞ்சப் பூசறது? உங்க மூஞ்சிக்கா?”

“அதத்தான் நானுஞ் சொல்றனுங்க. கல்லும் இல்ல, பூசறதும் இல்ல. காட்ட உட்டுருங்க.”

சூது புரிஞ்சுபோச்சு. அந்தக் காட்டுச் சோளமும் கடலையுந்தான் அவளுக்குக் கஞ்சி. அது போனா அடுத்தவங்க காட்டுல கள வெட்டோணும்.

தை மாசம், கடல மூட்ட ஏத்திக்கிட்டு மெட்ராசு போன தன் தம்பி மாரியப்பன் கூட, கல்லக் கண்ணுல பாத்தே ஆகோணும்னு ரயிலேறிட்டா. மெட்ராசு போறவங்க ரெண்டு எடம் பாக்காம வரமாட்டாங்க. உசுரோட மிருகம் இருக்கறது உயிர் காலேஜு, செத்ததையும் பழசையும் வெச்சிருக்கறது செத்த காலேஜு.

“மொதல்ல உயிர் காலேஜு போலாங்க்கா. புலி இருக்குதாம்.”

“நம்மூட்டுப் பக்கத்துலயே ஒன்னு இருக்குது. நட.”

செத்த காலேஜுல திமிங்கல எலும்பு, வாளு, தாழி எதுக்கும் அவ நிக்கல. கல்லு இருக்கற எடத்துல பத்துப் பன்னெண்டு வரிசையா நிக்குது. எல்லாம் தேச்சுக் கழுவி வெச்சது. இருவது வருசம் மஞ்சப் பூசுனவளுக்குத் தன் கல்லு எதுன்னே தெரியல. மாரியப்பன்தான் அட்டயப் படிச்சுப் பாத்து, “மல்லசமுத்திரம்னு போட்டிருக்குது, இதுதாங்க்கா”ன்னான்.

ஒரு ஆளு ஈட்டியோட நிக்கறான். ஈட்டி மொனையில நீட்டு மூஞ்சி, தெத்துப் பல்லு, முதுகெல்லாம் முள்ளு மயிரு.

“ஏண்டா, இது புலியா?”

காவக்காரருதான் சொன்னாரு. “காட்டுப் பன்னிம்மா. வெள்ளாமைய அழிக்க வந்தத குத்திட்டு, அவரும் செத்திருக்காரு.”

சென்னியம்மா கட்டடமே அதிரச் சிரிச்சா. அவளுக்கு அதுல ஒரு கொறச்சலும் தெரியல. கடலக் காட்டுல பன்னி பூந்தா என்ன கெதின்னு அறிஞ்சவ. காட்டக் காத்துச் செத்தவனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு ரயிலேறுனா.

ஊருக்கு வந்ததும் நேரா செங்கோடன் வாசல்ல நின்னா. “காட்ட எனக்கே உட்டுப்போடுங்க. உங்க புலி பன்னியானத நான் யாருகிட்டயும் சொல்லமாட்டன்.”

“சொல்லிக்குங்க நங்கையா. எவன் நம்புவான்?”

சொல்லிப்போட்டா. கோயில்ல, ஊரு கூடியிருக்கறப்ப, பரிவட்டம் கட்ட அவன் குனிஞ்ச நேரம் பாத்து. சனம் சிரிச்ச சிரிப்புல பரிவட்டம் கீழ உழுந்துச்சு. செங்கோடன் கற்பூரத்த அணச்சுச் சத்தியம் பண்ணுனான். “புலியேதான்! அவ சாட்சி அவ தம்பி. அது செல்லுமா?”

ஊர்க்கவுண்டர் குழந்தைவேல் தீத்துச் சொன்னாரு. “ஒறவு சேராத மூணு பேரு பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லட்டும். உங்க ரெண்டு பேருல யாரு சொன்னது பொய்யோ, அவங்களுக்குக் காடு இல்ல. ஆடி பதினெட்டு வரைக்கும் தவண. அதுவரைக்கும் காட்டுல யாரும் ஏரு பூட்டக் கூடாது; அதுக்குள்ள சாட்சி வரலீன்னா காடு செங்கோடனுக்கு.”

ஊருல ரெண்டு பேரு சாட்சிக்குன்னு போகத்தான் போனாங்க. உயிர் காலேஜுல கொரங்குக்குக் கடல போட்டுட்டு, நேரமாச்சுன்னு திரும்பிட்டாங்க. நல்லா வெளங்கும்! ஆடிக்கு இன்னும் ரெண்டே மாசந்தான். கடலைக்கு உழவு ஓட்டாம காடு காஞ்சு கெடக்குது.

மெட்ராசு போறவங்களே, கொரங்கு எங்கயும் போயிராது. மொதல்ல செத்த காலேஜு போங்க. கல்லு வரிசையில மல்லசமுத்திரம்னு அட்ட போட்டிருக்கறதுக்கு முன்னால நின்னு நல்லாப் பாருங்க. பாத்தது புலின்னா புலின்னே சொல்லுங்க, பன்னின்னா பன்னின்னு சொல்லுங்க. ஆனா வந்து சொல்லுங்க.